மழையில் மலை இறங்கும்போது ஹேண்டில்பார் ஆடுகிறது – ஞாயிறு 200 கி.மீ. பிஆர்எம், போகலாமா?

ஏறுமுகம்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு 200 கி.மீ. பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி, பந்தயம் அல்ல) ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். முழுக்க மலைப்பாதை, மொத்த ஏற்றம் 3,200 மீட்டர். நேர வரம்பு வழக்கம்போல 13 மணி 30 நிமிடம். சமதளத்தில் 200 முடித்திருக்கிறேன், மலையில் இதுதான் முதல்.

போன வாரம் அந்தப் பாதையில் இருக்கும் பெரிய மலையை மட்டும் பயிற்சிக்காக ஏறினேன். நல்ல மழை. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை, வியர்த்துக்கூடக் கொட்டியது. உச்சியில் கொஞ்சம் நின்று போட்டோ எடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தேன். வேகம் 40ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடத் தொடங்கியது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். எப்படியோ பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டேன். பிரேக்கும் திருப்தி இல்லை. லீவரை அமுக்கினால் சற்று நேரம் ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று பிடிக்கிறது.

வண்டி விவரம்: அலுமினியம் ஃபிரேம், ரிம் பிரேக் (சக்கர வளையத்தை பேட் என்ற ரப்பர் கட்டைகள் இருபுறமும் அழுத்தும் வகை), 28 மி.மீ. டயர், கியர் முன்னால் 50/34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை. கடையில் காட்டினேன், சக்கரம் நேராகத்தான் ஓடுகிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறன்று நாள் முழுக்க மழை, அடிவாரத்தில் 12 டிகிரி, எதிர்க்காற்று என்கிறது வானிலை அறிவிப்பு. உச்சி அங்கிருந்து 1,100 மீட்டர் மேலே. சக்கரம் மாற்ற வேண்டுமா? ஃபிரேமிலேயே கோளாறா? போகலாமா, விட்டுவிடலாமா?

சக்கரக்காரன்

சக்கரம் நேராக ஓடுவது மட்டும் போதாது தம்பி. முதலில் ஹெட்செட், அதாவது ஹேண்டிலும் ஃபோர்க்கும் ஃபிரேமில் திரும்பும் இடத்து பேரிங். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஹெட்செட்டில் விரலை வைத்துக்கொண்டே. 'டக்' என்று ஒரு இடிப்பு தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது. அப்புறம் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பேரிங் தேய்ந்திருந்தால் கையில் தெரியும். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்குங்கள், ஒன்றிரண்டு மட்டும் தொளதொளவென்று இருக்கக்கூடாது. முன்னால் கனமான பை ஏதாவது மாட்டியிருந்தீர்களா?

பிரேக் விஷயம் இயல்பு. ரிம் நனைந்திருந்தால் பேட் முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், அதற்குள் சக்கரம் சில சுற்று ஓடிவிடும். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே பேட் லேசாக உரசும்படி லீவரைத் தொட்டுவிட்டு, வளைவுக்குள் நுழையும் முன் அழுத்துங்கள். பேட்டைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் துணுக்குகள் புதைந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள், பேட் இறுகிப் பளபளப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரத்துக்கு கூல்-ஸ்டாப்பின் சால்மன் நிற பேட் நன்றாகப் பிடிக்கும்.

ஓடுகாலி

மழைக்கெல்லாம் பயந்தால் சைக்கிள் எதற்கு ப்ரோ? பெல்ஜியத்தில் 1980 லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் சைக்கிள் பந்தயத்தில் பனி கொட்டியது. 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். பெர்னார் இனோ ஒன்பது நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார். கிளம்புங்கள்!

பழைய செயின்

அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். அன்று குளிரில் விறைத்த இனோவின் கைவிரல்கள் முழுதாகச் சரியாகவே இல்லை. அவருக்குப் பின்னால் அணியின் காரும் ஆட்களும் இருந்தார்கள். பிஆர்எம்மில் பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

ஏறுமுகம், உங்களிடம் இரண்டு கேள்வி. அதே மலையில் காய்ந்த சாலையில் இறங்கியிருக்கிறீர்களா, அப்போது ஆடியதா? அன்று உச்சியில் என்ன உடுத்தியிருந்தீர்கள்?

ஏறுமுகம்

சக்கரக்காரன் அண்ணா, எல்லாம் பார்த்துவிட்டேன். ஹெட்செட்டில் இடிப்பு இல்லை, ஹப்பில் ஆட்டம் இல்லை, முன்னால் பையும் மாட்டவில்லை. பேட்டில் மூன்று துணுக்கு இருந்தது, எடுத்துவிட்டேன்.

பழைய செயின் சார், வெயில் நாளில் இதே இறக்கத்தில் 60 வரை போயிருக்கிறேன், துளி ஆட்டம் கிடையாது. அன்று அரைக்கை ஜெர்சி, மேலே மெல்லிய மழை ஜாக்கெட், விரல் திறந்த கையுறை. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது உண்மைதான், பல் கூடத் தந்தியடித்தது. அதற்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

பழைய செயின்

சம்பந்தமே அதுதான். உங்கள் வண்டியில் கோளாறு இல்லை, நீங்கள் நடுங்கினீர்கள், வண்டியும் சேர்ந்து நடுங்கியது.

ஃபிரேம், ஃபோர்க், முன் சக்கரம் மூன்றும் சேர்ந்து நொடிக்குச் சில முறை ஆடக்கூடிய ஓர் அமைப்பு. ஏதாவது ஒன்று அதே தாளத்தில் தட்டிக்கொடுத்தால் ஆட்டம் வளரும். குளிர் நடுக்கமும் கிட்டத்தட்ட அந்தத் தாளத்தில்தான் வருகிறது. கைமுட்டியை விறைப்பாக வைத்து ஹேண்டிலை இறுக்கினால் தோள் நடுக்கம் அப்படியே முன் சக்கரத்துக்குப் போகும். இறுக்க இறுக்க மோசமானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மறுபடி வந்தால்: ஒரு முழங்காலை, முடிந்தால் இரண்டையும், டாப் ட்யூபோடு (ஃபிரேமின் மேல் குழாய்) ஒட்டி அழுத்துங்கள். சீட்டிலிருந்து எடையை லேசாகத் தூக்கிப் பெடலில் போடுங்கள். பிடியைத் தளர்த்துங்கள். பதற்றத்தில் கை இதற்குச் சம்மதிக்காது, அதனால் காய்ந்த சாலையில் மெதுவாகப் போகும்போதே முழங்கால் அணைப்பதைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு படிப்படியாக பிரேக். நடுக்கம் நிற்காமல் மறுபடி இறங்காதீர்கள்.

ஆனால் இதெல்லாம் வந்தபின் செய்வது. வராமல் தடுப்பது உச்சியில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 12 என்றால் உங்கள் உச்சியில் ஏறக்குறைய 5. அங்கிருந்து 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால், காற்றுக்குளிர் கணக்கின்படி உடம்புக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே. நனைந்த துணி இன்னும் மோசமாக்கும். ஏறும்போது உடம்பு ஒரு அடுப்பு, இறங்கும்போது பெடல் மிதிப்பதில்லை, அடுப்பு அணைந்துவிடுகிறது. நீங்களோ வியர்வையில் நனைந்த உடம்போடு காற்றில் நின்று போட்டோ எடுத்திருக்கிறீர்கள்.

ஏற ஆரம்பிக்கும்போதே ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது ஜிப்பை முழுக்கத் திறந்துவிடுங்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை, ஏற்றத்தில் குளிராது. உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், காற்று படாத ஒரு வளைவில், உடம்பு சூடாக இருக்கும்போதே நின்று, பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த காய்ந்த முழுக்கை உள்சட்டையை மாற்றி, மேலே ஜாக்கெட், முழு கையுறை, காதை மூடும் தொப்பி. உச்சியில் நிற்கவே வேண்டாம். 1988 ஜீரோ டி இத்தாலியா (இத்தாலியின் பல நாள் சைக்கிள் பந்தயம்) நடந்தபோது காவியா கணவாயில் பனிப்புயல் அடித்த நாளன்று ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணி தடித்த கையுறையும் காய்ந்த துணியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தது. அன்று மற்றவர்கள் விறைத்துப் போனார்கள், அவர் மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவருக்கான பிங்க் ஜெர்சியை வாங்கி, கடைசியில் பட்டத்தையும் வென்றார். கதை சொல்வதென்றால் இனோவைவிட இதுதான் உங்களுக்கு உதவும்.

இரவுப்பணி

மருத்துவமனையில் வேலை செய்பவள், சைக்கிளும் ஓட்டுவேன். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். குளிர் குறையாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அதுதான் ஆபத்து. அதற்கு முன்பே சில அறிகுறிகள் வரும்: பேச்சு குழறும், ஜிப் போட விரல் ஒத்துழைக்காது, எளிய கூட்டல்கூட மண்டையில் ஏறாது. இவற்றைத் தானாக உணர்வது கடினம், மூளையும் சேர்ந்து மந்தமாகிவிடுவதால் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே தோன்றும். கூட ஒருவர் வந்தால் ஒவ்வொரு மலை முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். தனியாக என்றால் ஒரு சோதனை: கட்டை விரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் அடுத்த இறக்கம் கிடையாது. ஒதுங்க இடம் பாருங்கள், ஈரத்துணியைக் கழற்றுங்கள், சூடாக இனிப்பாக ஏதாவது குடியுங்கள். மது வேண்டவே வேண்டாம், தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடு இன்னும் குறையும்.

சாப்பாட்டையும் மறக்காதீர்கள். நடுக்கத்துக்கும் எரிபொருள் வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகட்டும். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரும் குடிக்காமல் விட்டுவிடுவோம். பாக்கெட்டுகளின் ஓரத்தை வீட்டிலேயே கிழித்து வையுங்கள், மரத்த விரலால் ஜெல் பாக்கெட்டைத் திறப்பது நடக்காத காரியம்.

பருத்தி உள்சட்டை வேண்டாம். தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயாது. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. கையுறைக்கு உள்ளே நாங்கள் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி போட்டுப் பாருங்கள், உள்ளே வியர்க்கும், ஆனால் காற்று புகாது.

ஓடுகாலி

சரி சரி, இனோவை வாபஸ் வாங்குகிறேன். நைட்ரைல் ஐடியா எனக்கும் புதுசு.

மெதுவண்டி

எல்லோரும் இறக்கத்தையே பேசுகிறீர்கள், நான் கியரைப் பார்த்து பயந்தேன். 34க்கு 28, மலையில் 200 கி.மீ., எதிர்க்காற்று வேறு! நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே 9 கி.மீ. வேகம் வந்துவிடும். வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால் பத்து சதவீத ஏற்றத்தில் அதற்கு 210 வாட்டுக்கு மேல் வேண்டும். காலையில் முடியும். 150வது கிலோமீட்டரில்? பின்னால் 34 பல் போட்டால் அதே சுற்றுக்கு ஏழரை கி.மீ., 175 வாட்டுக்குப் பக்கத்தில் ஓட்டிவிடலாம். ஆனால் உங்கள் பின் டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) எத்தனை பல் தாங்கும், செயின் நீளம் போதுமா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும், கடைசி நாளில் வேண்டாம்.

மெதுவாக ஏறினால் வியர்வையும் குறையும், உச்சியில் நனைந்த உடம்போடு நிற்க வேண்டியிருக்காது. ஏறும்போது முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். கன்ட்ரோல், அதாவது வழியில் நேரம் பதியும் இடம், மூடுவது மணிக்கு 15 கி.மீ. கணக்கில்தான், 100வது கிலோமீட்டருக்கு 6 மணி 40 நிமிடம் இருக்கிறது. நின்ற நேரமும் அதில் அடக்கம் என்பதால் உடை மாற்றும் நிமிடங்களை இப்போதே கணக்கில் வைத்துவிடுங்கள்.

சக்கரக்காரன்

பழைய செயின் சொன்னது சரி என்றே படுகிறது. நடுக்கத்தை நான் யோசிக்கவில்லை.

வண்டிக்கு இன்னும் சில. டயர் காற்றை வழக்கத்தைவிட 5 முதல் 10 பிஎஸ்ஐ குறையுங்கள். ஈரத்தில் கண்ணாடித் துண்டும் கூர்க்கல்லும் ரப்பரை எளிதாக வெட்டும், இரண்டு ட்யூப் எடுத்துப் போங்கள், பஞ்சரானால் புது ட்யூப் போடும் முன் டயருக்குள் விரலால் தடவி முள்ளை எடுங்கள். செயினுக்கு ஈரக்கால எண்ணெய், வறண்ட நாளுக்கானது மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். மட்கார்டு மாட்ட இடமிருந்தால் கட்டாயம் மாட்டுங்கள், பின் சக்கரத்துத் தண்ணீர் நாள் முழுக்க இடுப்பில் அடித்தால் அதைவிட எரிச்சல் வேறில்லை. சாலையில் பெயின்ட் கோடு, இரும்பு மூடி, ஈர இலை, இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், சாயவும் சாயாதீர்கள். பின் விளக்கு விட்டுவிட்டு எரிவதைவிட நிலையாக எரியட்டும், பின்னால் வருபவருக்குத் தூரம் தெரியும்.

ஏறுமுகம்

நன்றி எல்லோருக்கும். பின்னால் 11-32 போட்டாகிவிட்டது, என் டெரெய்லர் அதற்குமேல் தாங்காதாம். பேட்டும் மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: விடுவதாக இருந்தால் எங்கே விடுவது?

பழைய செயின்

வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள், நனைந்த பிறகு யோசிக்க மூளை உதவாது. பெரிய மலைக்கு முந்தைய கன்ட்ரோலில் மூன்று கேள்வி: காய்ந்த உள்சட்டை கையில் இருக்கிறதா, விரல் வேலை செய்கிறதா, பிரேக் பிடிக்கிறதா. ஒன்றுக்கு இல்லை என்றாலும் அங்கேயே ஏற்பாட்டாளருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சொல்லாமல் போகாதீர்கள், பாவம், இரவு முழுக்கத் தேடுவார்கள். இடி மின்னல் என்றால் எந்தக் கேள்வியும் வேண்டாம், ஏறாதீர்கள்.

ஏறுமுகம்

முடித்துவிட்டேன். 13 மணி 5 நிமிடம். உச்சிக்கு முன் ஒரு வளைவில் உடை மாற்றும்போது கடந்து போனவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள், அவர்களில் இரண்டு பேரை இறக்கத்தின் பாதியில் ஒரு கூரைக்கடியில் கையை அக்குளில் வைத்தபடி நிற்கப் பார்த்தேன். ஹேண்டில் ஒருமுறை லேசாக ஆடியது, முழங்காலை அணைத்ததும் நின்றுவிட்டது. புது பேட் ஒரே நாளில் பாதி தேய்ந்துவிட்டது.

இப்போது வேறு சந்தேகம். வண்டியைச் சாய்த்தால் ஃபிரேமுக்குள் தண்ணீர் சலசலக்கிறதே?

சக்கரக்காரன்

வாழ்த்துகள் தம்பி. சீட் போஸ்ட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் ஒட்டிக் குறித்துவிட்டு அதைக் கழற்றுங்கள், வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே ஃபிரேமில் சின்ன ஓட்டை இருந்தால் அதில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்ததும் சீட் போஸ்ட்டில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். அந்தப் பேட்டிலும் மறுபடி துணுக்கு புதைந்திருக்கும், சக்கரத்தைக் கழற்றும்போதே பார்த்துவிடுங்கள்.