அலைகரையை ஒட்டி 40 வீட்டுக்காணி: பிரதேச சபையில் என்ன கேட்கலாம்?

மருதடி:
கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர்ச் சின்னக் குளத்தின் அலைகரையோடு, அதாவது குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தோடு, ஏழு ஏக்கர் காணி கிடக்கிறது. பாதி வயல், மிச்சம் மாரியில் தண்ணீர் நிற்கிற புல்லுத்தரை, ஆம்பலும் கோரையுமாக இருக்கும், கோடையில் மாடு மேயும். அதை இரண்டு பரப்புப்படி (16 பரப்பு ஓர் ஏக்கர்) 40 துண்டாக்கி விற்கப்போகிறார்களாம். பிளான் பிரதேச சபைக்குப் போய்விட்டது, அடுத்த கூட்டத்தில் ஊராட்களும் வந்து கதைக்கலாம் என்று கிராம சேவகர் சொன்னார். சும்மா போய்ச் சத்தம் போட்டுவிட்டு வர விருப்பமில்லை. எதைப் பிடித்துக் கேட்பது?

பழைய டி.ஓ.:
முதலில் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயக் காணிப் பதிவேட்டில் அது வயலாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு லோட் மண்ணும் போட ஏலாது, பிரதேச சபை ஓம் என்றாலும் அது இதற்கு ஈடாகாது.

‘சுற்றாடல் அறிக்கை தேவையில்லை, காணி சின்னது’ என்று கட்டாயம் சொல்வார்கள். 1993 சுற்றாடல் வர்த்தமானியில் 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால், அல்லது 1000 வீட்டுக்கு மேல் கட்டினால் என்றுதான் இருக்கிறது, உங்கள் ஏழு ஏக்கர் மூன்று ஹெக்டேயரும் வராது. ஆனால் அதே வர்த்தமானி, குளத்தின் முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு (குளம் நிறைந்தால் தண்ணீர் எட்டும் எல்லைக்கு) அப்பால் உள்ள ஒதுக்கீட்டு நிலத்துக்குள் காணியின் ஒரு பகுதி விழுந்தாலும் அந்த அளவு வரம்பைப் பார்க்கத் தேவையில்லை என்கிறது. அதனால் உங்கள் சண்டை முழுக்க ஓர் எல்லைக்கோட்டைப் பற்றியது. ஒதுக்கீட்டு எல்லை பிளானில் கீறியிருக்கிறதா, கீறியது யார்? ஆடியில் போய் அளந்த பிளானில் எல்லாமே மேட்டுநிலம்தான்.

பிளான் பிரதி தர இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும்.

டிப்பர்:
கிறவல் மண் ஏற்றுகிறவன் சொல்கிறேன். ஒரு ஏக்கரை ஓர் அடி உயர்த்த 435 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) வேண்டும், மூன்று கியூப் டிப்பரில் 145 லோட். அந்தப் பள்ளத்துக்கு ஓர் அடி காணாது. அவ்வளவு மண் இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்க முடியாதுதானே, வான் (குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்) முந்திப் பாயும், கீழே வயலும் வீடும் வாங்கிக் கட்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தபோது நடந்ததை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை லோட், எந்த இடத்து மண், எந்த றோட்டால் என்று கூட்டத்தில் கேளுங்கள், எனக்கு ஓட்டம் போனாலும் பரவாயில்லை.

வாடகைவீடு:
சரி அண்ணை, எல்லாவற்றையும் மறியுங்கள். காட்டுப் பக்கம் போனால் வனத் திணைக்களம் எல்லைக் கல்லுப் போட்டிருக்கிறது, ரவுண் பக்கம் விலை கேட்கவே பயம். இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் எங்கே வீடு கட்டுவது? குளத்தடிக் காணி என்று தெரிந்துதான் நானும் விலை கேட்டேன்.

பழைய டி.ஓ.:
தம்பி, காணி இல்லாத ஆட்களின் பாடு எனக்கும் தெரியும். ஆனால் காசு கட்ட முன்னம் மார்கழியில் ஒருக்காப் போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு பரப்புக்குள் கிணறும் மலக்குழியும், நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்தில். விற்கிறவர் போய்விடுவார், நீங்கள்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறீர்கள்.

மருதடி, இன்னொன்று. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் உங்கள் பகுதிக்குச் செல்லுமானால், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது றோட்டு நீங்கலாகப் பத்து வீதம் பொதுத் தேவைக்கு விடவேண்டும். விற்க முடியாத சேற்று மூலையைச் ‘சிறுவர் பூங்கா’ என்று காட்டுவது வழக்கம், அதையும் பாருங்கள்.

மருதடி:
பெரிய உதவி. கமக்காரர் அமைப்புத் தலைவரோடு நாளைக்குக் கமநல நிலையம் போகிறோம். வான் மட்டத்தை அந்தக் காணிக்குள் குறித்துக் காட்ட வழி இருக்கிறதா? லெவல் மெசின் பிடிக்கக் காசில்லை.

டிப்பர்:
மேசன்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கிற தண்ணீர்க் குழாய் போதும். வானில் தொடங்கி முளை அடித்து அடித்துக் கொண்டு போங்கள், காணிக்குள் எந்த முளை வருகிறதோ அதைப் படம் எடுங்கள். சனி என்றால் நானும் வருகிறேன்.