புதுப்பிப்பு: அரிசிக் கோலத்துக்குப் பசை வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் மண்டபத்துத் தீபாவளிக் கோலம் பற்றிய முந்தைய பதிவில், தரையில் பசை பூசினால் பல நாள் நிற்கும் என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஒட்டிய அரிசியில் வண்டு வரும், சுரண்டினால் தரையில் கறை தங்கும்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சாயம், இரண்டு மேசைக்கரண்டி வினிகர் போதும். தண்ணீர் கூடினால் அரிசி ஊறி உடையும். மாவு படிந்து நிறம் மங்கும். காற்றாடியின் கீழ் மெல்லிசாகப் பரப்பி, பிற்பகல் மழைக்கு முன் புட்டியில் அடைத்துவிடுங்கள். அரிசிக்குப் பதில் கல்லுப்பு வேண்டாம், இந்த ஈரக்காற்றில் கசியும்.

கோலத்துப் பூவில் ஓர் இதழ் கோணினால் அரிசியைப் பொறுக்காதீர்கள், நிறங்கள் கலந்து இன்னும் கெடும். மீதி இதழ்களையும் அப்படியே வளைத்துப் போடுங்கள். மனம் ஒப்பாதுதான், ஆனால் கைக்குப் புது வளைவு பிடிபடுவது அங்கேதான். மூன்றாம் நாள் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டி அள்ளுங்கள். கலந்த அரிசி அடுத்த கோலத்தின் எல்லைக்கோட்டுக்கு ஆகும்.