புதுப்பிப்பு: பொன்னேரி வயல்களுக்குச் சைக்கிளில் சென்று வந்தோம்

கியர் இல்லாத சைக்கிளில் திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வரை குழுவாகச் சென்று வர இயலுமா என்று இங்கே கேட்டிருந்தேன். தை மாத ஞாயிறு ஒன்றில் பதினோரு பேர் சென்று திரும்பினோம். வழி முழுவதும் சமதளம் என்பதால் கியர் தேவைப்படவே இல்லை.

பலர் எச்சரித்தபடி, மணலி புதுநகர் வரை கண்டெய்னர் லாரிகளே பெரும் இடர். விடியுமுன் கிளம்பி, பின்விளக்குடன் ஒற்றை வரிசையில் சென்றோம்.

மீஞ்சூரைத் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பியதும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் கூட்டமாக இறங்கின. சாலையின் பாதியில் நெல் காயவைத்திருந்ததால், ஒரு மணிகூட மிதிபடாதபடி இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம். அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "உட்காருங்க தம்பி" என்று களத்துமேட்டில் இடம் தந்து, தம் கிணற்று நீர் உவர்த்துப்போனதைச் சொன்னார். சென்னையின் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததால்தான் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது. அப்படி இறைத்த நீரைக் குடித்து வளர்ந்த சென்னையிலிருந்து சென்ற எனக்கு அது மிகவும் உறுத்தியது.

ஆரணியாற்றங்கரையில் சீமைக் கருவேல முள் குத்தி இரண்டு டயர்கள் பஞ்சராயின. செல்பவர்கள் மாற்று டியூபும் கைப்பம்பும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.