மறுமொழி: ‘ப்ரீலோடு’ – முன்சுமை வேண்டாமே

வணக்கம். பேரிங்கின் ‘ப்ரீலோடு’ (preload) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> முன்சுமை போதுமே. ப்ரீ என்றால் முன், லோடு என்றால் சுமை. விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. போன மாதம் என் பழைய மாருதி ஜிப்சியின் முன் ஆக்சிலை வீட்டு வாசலிலேயே பிரித்துக் கட்டினேன். அந்த வேலையைத் தமிழில் எழுதி வைக்க உட்கார்ந்தால் இந்தச் சொல்தான் காலை வாரியது. ‘முன் ஆக்சிலில் முன்சுமை’ என்று எழுதித் தம்பியிடம் காட்டினேன். “வண்டியோட முன்பக்கம் எவ்வளவு வெயிட் ஏத்தலாம்னு சொல்றியாண்ணா?” என்றான். அவன் மேல் தப்பில்லை. ‘முன்’ காலத்துக்கும் வரும், இடத்துக்கும் வரும்.

நடப்பது என்ன என்று பார்ப்போம். சக்கரத்தைத் திருப்பும் நக்கிளை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிங்பின்கள் (நக்கிள் திரும்புவதற்கான அச்சு முளைகள்) பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் கூம்பு உருளை பேரிங். தேய்ந்தால் ஆட்டம் வரும்; அறுபதைத் தாண்டினாலே ஸ்டியரிங் கையில் உதறும். என் வண்டியில் அதுதான் கோளாறு. புது பேரிங் போட்டு ஆட்டத்தை எடுத்தால் மட்டும் போதாது. உருளையும் அது உருளும் வெளிவளையமான கப்பும் ஒன்றையொன்று கொஞ்சம் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நெருக்கத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> ‘இறுக்கம்’ என்றால் மெக்கானிக்குக்கே புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கிங்பின் போல்ட்டை எப்போதும் அதற்குரிய அளவுக்கு முழுதாக முடுக்கித்தான் ஆக வேண்டும். நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் கிங்பின்னுக்கு அடியில் இருக்கும் காகிதம் போன்ற ஷிம் தகடுதான் கைகொடுக்கிறது. ஒரு ஷிம்மை எடுத்தால் கூடும், சேர்த்தால் குறையும். சரியா என்று பார்க்க, ஆயில் சீலும், நக்கிளைத் திருப்பும் தண்டான டை ராடும் மாட்டாத நக்கிளின் கை நுனியில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். எனக்கு முதலில் முள் அரைக் கிலோவைத் தொடுவதற்குள் நக்கிள் அசைந்துவிட்டது. ஒரு ஷிம்மை உருவிய பிறகு ஒன்றரைக் கிலோவில்தான் நகர்ந்தது. போல்ட்டின் முறுக்கு இரண்டு தடவையும் ஒன்றே. ‘இறுக்கம்’ என்று எழுதினால் படிப்பவர் ஸ்பேனரை எடுத்துவிடுவார். அளவு மீறினால் உருளைகள் கப்பில் பள்ளம் பதித்துவிடும், புது பேரிங்கும் வீண்.

கட்டடத் துறையின் ‘முன்தகைவு’ நல்ல சொல்தான். ஆனால் தகைவு என்பது பரப்புக்கு இவ்வளவு விசை என்ற கணக்கு. நாம் பேசுவது விசையை. ‘முன்னெருக்கம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். எருக்கஞ்செடிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

என் பரிந்துரை: உள்நெருக்கம். வெளிச்சுமை எதுவும் வராதபோதே பேரிங்குக்குள் இருக்கும் நெருக்கம். பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் ‘ஆட்டம்’ என்ற சொல்லுக்கு இது சரியான எதிர்ச்சொல்லாகவும் அமைகிறது. ஆட்டம் குறைந்து குறைந்து இல்லாமல் போகும் புள்ளியைத் தாண்டினால் உள்நெருக்கம். புணர்த்தினால் ‘உண்ணெருக்கம்’ ஆகும். படிப்பவர் தடுக்கி விழாமலிருக்கப் பிரித்தே எழுதலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “கிங்பின் பேரிங்கின் உள்நெருக்கம் போதவில்லை, ஒரு ஷிம்மை எடு.” தம்பி இதைப் படித்ததும் நேராக ஷிம் டப்பாவைத்தான் தேடினான்.

சக்கரம் சுழலும் ஹப் பேரிங்குக்கும் இதே சொல் பொருந்துமா என்று அந்த வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.