புதுப்பிப்பு: கூடத்துச் சுவரில் தெரிந்த பட்டைகள்

புதிதாக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) அடித்த கூடத்துச் சுவரில், சாய்வாக வெயில் விழும்போது செங்குத்துப் பட்டைகள் தெரிகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சுவர் சீராகிவிட்டது. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

காரணம் பெயின்டின் தரம் அன்று. முன்பு அடித்த பகுதியின் ஓரம் காய்ந்த பிறகு ரோலர் அதன்மேல் ஏறியதால் அங்கே மட்டும் பூச்சு இரட்டிப்பாகியிருந்தது. வெயில் காலத்தில், மின்விசிறியும் சுழன்றால், எமல்ஷன் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். பட்டி (குழிகளை நிரப்பும் பசை) பார்த்த இடங்களில் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) விடுபட்டிருந்ததால் அவையும் மங்கலாகத் தெரிந்தன.

மேடுகளை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, பட்டிமேல் பிரைமர் அடித்தோம். பிறகு மின்விசிறியை நிறுத்தி, காலையிலேயே தொடங்கி, மூலை முதல் மூலை வரை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் அடித்து முடித்தோம். ரோலரை அழுத்தாமல், முன்பு அடித்த பகுதி ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை அதன்மேல் சற்று ஏற்றி, கடைசியில் மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துவிட வேண்டும்.

பட்டை தெரியும் இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அது தனித் திட்டாகவே தெரியும். முழுச் சுவரையும் அடித்துவிடுங்கள்.