பூஞ்சை பிடித்த சேப்பாக்கம் கேசட்: யாராவது வழி சொல்லுங்களேன்

நண்பர்களே, 1999 ஜனவரி 31, இந்தியா-பாகிஸ்தான் சேப்பாக்கம் டெஸ்டின் நான்காம் நாள் ஆட்டத்தை அப்பா வி.சி.ஆரில் பதிந்து வைத்திருந்தார். முதுகுவலியோடு 136 அடித்த சச்சின், சக்லைன் முஷ்டாக்கின் தூஸ்ராவை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் சுழல்பந்து) தூக்கியடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தாரே, அதே நாள்தான். 254க்கு 6 என்றிருந்த ஸ்கோர், 258க்கு ஆல் அவுட்! ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று கைதட்டியது.

நெட்டில் ஹைலைட்ஸ் இருக்கிறது. அப்பாவுக்கோ சக்லைன் போட்ட ஒவ்வொரு பந்தும் வேண்டுமாம்!

கேசட்டைத் திறந்தால் டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. பிளேயரில் போடவே பயம். ஒரு கடையில் "தூக்கிப் போட்டுடுங்க சார்" என்றார்கள். சென்னையில் இதைச் சுத்தம் செய்து பென் டிரைவில் ஏற்றித் தருபவர் யாரையாவது தெரியுமா? அல்லது உங்கள் வீட்டுப் பரணில் அதே நாளின் பதிவு கிடக்கிறதா?