புதுப்பிப்பு: காலைப் பக்கங்கள் வேலைப் பட்டியலாக மாறுவது – தீர்வு

பதில் எழுதிய அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி. ஜூலியா கமரோனின் 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' என்ற படைப்பாற்றல் நூலின் 12 கிழமைப் பயிற்சியில், விடிய எழும்பியதும் மனதில் வருவதை எழுதும் 3 'காலைப் பக்கங்களும்' "உரம் எடுக்க வேணும், கரண்ட் பில் கட்ட வேணும்" என்றே முடிகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது கிளிநொச்சி அக்கா சொன்ன வழி. கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாள். வேலை ஞாபகம் வந்தால் அதில் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, விட்ட வசனத்துக்கே திரும்ப வேண்டும். முதல் ஒன்றரைப் பக்கம் புலம்பலாகத்தான் வரும், வெட்ட வேண்டாம். உருப்படியானது பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது; இரண்டோடு நிறுத்தினால் அது வராமலே போகலாம். ஏ4 தாள், கையெழுத்து. போனில் தட்டினால் திருத்தும் பழக்கம் குறுக்கே வரும்.

முதல் 8 கிழமையும் எழுதியதைத் திரும்ப வாசிக்கக் கூடாது. 9ஆம் கிழமையில் வாசித்து, இரண்டு நிறத்தால் கோடிட வேண்டும்: ஒன்று புரிந்தவற்றுக்கு, மற்றது செய்ய வேண்டியவற்றுக்கு. எதிர்பாராதது இங்கேதான். பில்லும் உரமும் துண்டுத் தாளோடு போய்விட்டதால், இரண்டாம் நிறத்தில் மிஞ்சியது ஒரே விஷயம்: ஊரில் பாடும் கோவலன் கூத்துப் பாட்டுகளைப் பதிந்து வைப்பது. வேலை தொடங்கியாச்சு.

இதே பயிற்சியில் 4ஆம் கிழமை முழுக்க எதையும் வாசிக்காமல் இருக்கும் வாசிப்பு விரதத்துக்கு, அலுவல் தகவல்களை அழைப்பில் மட்டும் எடுங்கோ. பயிற்சியின்படி கிழமைக்கொருமுறை தனியே போகும் உலாவுக்கு கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டு நல்லது. பின்னேரம் தெரிந்தவர்கள் மறித்துக் கதைப்பார்கள், காலையில் போங்கோ.